சின்னப் பிள்ளைகளுக்கு வன்முறை இல்லாத படம்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை. அப்படியானால் குழந்தை தாராளமாகப் பார்க்கலாம் என்று முடிவு செய்துவிடுகிறோம். மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளையின் கணக்கு வேறு. அம்மாவைத் தொலைத்த குட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோரமாக மாறும் முகம், இருட்டுக்குள்ளிருந்து வரும் உறுமல் ஆகியவை ஒரு சொட்டு ரத்தம் இல்லாமலே அந்த வயதை உலுக்கிவிடும். பெரியவர் கண்ணால் பார்த்துப் பிள்ளைக்குப் படம் தேர்ந்தெடுப்பதில்தான் மற்ற தவறுகளில் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

‘கார்ட்டூன்தானே’ என்று விட்டுவிடுவது

2000-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஓர் ஆய்வு வந்தது. 1937 முதல் 1999 வரை வெளியாகி, அமெரிக்காவில் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற ‘ஜி’ சான்று பெற்ற 74 அனிமேஷன் படங்களை அதில் அலசியிருந்தார்கள். வன்முறையே இல்லாத படம் அவற்றில் ஒன்றுகூட இல்லை. 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த இன்னோர் ஆய்வு, குழந்தைகளுக்கான அனிமேஷன் படங்களைப் பெரியவர்களுக்கான படங்களோடு ஒப்பிட்டது. முக்கியப் பாத்திரம் திரையிலேயே சாவது அனிமேஷன் படங்களில் மூன்றில் இரண்டு பங்கு; பெரியவர்கள் படங்களிலோ பாதிதான்.

இதற்குக் கதை அமைப்பே ஒரு காரணம். சின்னப் பாத்திரம் தனியாகப் பயணம் போக வேண்டுமென்றால் பெற்றோர் கதையிலிருந்து விலக வேண்டும். அதனால் பல படங்களில் முதல் இருபது நிமிடத்துக்குள் அப்பாவோ அம்மாவோ இறந்துவிடுகிறார், அல்லது காணாமல் போகிறார். நமக்கு அது கதையின் தொடக்கம். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதற்குப் பிறகு வரும் பாட்டும் வேடிக்கையும் மனதில் ஏறாமல் போகலாம், “அந்த அம்மா எப்போ வருவாங்க?” என்றே கேட்டுக்கொண்டிருக்கும்.

வரைந்த உருவம் என்பதால் பிள்ளைகள் அதைப் பார்த்துச் செய்ய மாட்டார்கள் என்பதும் சரியல்ல. உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுராவும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்ட ஆய்வில், பாலர் பள்ளிப் பிள்ளைகளில் சிலர் ஒரு பொம்மையை ஒருவர் அடிப்பதை நேரில் பார்த்தார்கள். சிலர் அதையே படமாகப் பார்த்தார்கள். இன்னும் சிலருக்குப் பூனை வேடமிட்ட பாத்திரம் அடிப்பது கார்ட்டூன் பாணியில் காட்டப்பட்டது. எதையும் பார்க்காத பிள்ளைகளைவிட மூன்று குழுவினருமே பிறகு அதிகமாக அடித்தார்கள். கார்ட்டூன் என்பதற்குத் தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை.

எனவே அடிதடிக் காட்சி வந்தால் ரத்தத்தைத் தேடாதீர்கள். அடித்தது யார், அடித்ததால் அவருக்கு என்ன கிடைத்தது, அடிபட்டவருக்கு வலித்ததா, அந்த இடத்தில் சிரிப்பு வரவழைக்கிறார்களா என்று பாருங்கள். பார்க்க நன்றாக இருக்கும் நாயகன் அடிக்கிறான், உடனே வெற்றி பெறுகிறான், யாருக்கும் வலிக்கவில்லை, எல்லோரும் கைதட்டுகிறார்கள்: சின்னப் பிள்ளை அப்படியே எடுத்துக்கொள்ளும் காட்சி இதுதான். வில்லன் அடிப்பதைவிட நல்லவன் அடிப்பதையே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தலையில் சுத்தியல் விழுந்து தட்டையாகி, அடுத்த நொடி துள்ளி எழும் நகைச்சுவைப் பாத்திரமும் இந்தக் கணக்கில் சேரும். நிஜ உடம்பு அப்படி எழாது என்பது மூன்று வயதுக்குத் தெரியாது.

சான்றிதழை மட்டும் நம்புவது

சான்று என்பது முதல் சல்லடைதான். இந்தியாவில் ‘யுஏ’ என்று மொத்தமாக இருந்த பிரிவு 2024-ஆம் ஆண்டின் விதிகளில் யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய படத்தில் வெறும் ‘யுஏ’ என்று மட்டும் இருந்தால் அது எந்த வயதுக்கு என்று அந்த எழுத்திலிருந்து தெரியாது. பிரிட்டனில் ‘யு’ சான்று ஏறக்குறைய நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களை மனதில் வைத்துத் தரப்படுவது. இரண்டு வயதுக்கும் சேர்த்து அல்ல. ஜெர்மனியில் 0, 6, 12 என்று படிகள் போகின்றன. ஆகவே ஒரே படம் ஒரு நாட்டில் ஒரு வயதும் இன்னொரு நாட்டில் வேறு வயதும் பெறலாம்.

நெதர்லாந்து முறை ஒரு விஷயத்தில் மெச்சத் தகுந்தது. வன்முறைக்கு முஷ்டி, அச்சத்துக்குச் சிலந்தி என்று தனித்தனிக் குறிகள் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதை நாமும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், பாதித் தேர்வு சரியாகிவிடும். சான்றுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘மிதமான அச்சுறுத்தல்’, ‘சண்டைக் காட்சிகள்’ என்று போட்டிருப்பார்கள். வயது எண்ணைவிட அந்த வரிதான் பயனுள்ளது.

டிரெய்லரைப் பார்த்து முடிவெடுப்பது

டிரெய்லரில் வேடிக்கையும் வண்ணமும் பாட்டும் இருக்கும். சாவுக் காட்சியும் கடைசித் துரத்தலும் பெரும்பாலும் இருக்காது. முழுப் படத்தையும் முன்கூட்டியே பார்ப்பதே நல்லது. நேரமில்லை என்றால் முதல் 20 நிமிடத்தை முழுதாகப் பாருங்கள், பெற்றோரை இழக்கும் காட்சி இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு கடைசி மூன்றில் ஒரு பங்குக்குப் போங்கள். 90 நிமிடப் படத்தில் 60-ஆம் நிமிடத்திலிருந்து ஏறக்குறைய 80 வரை கிளைமாக்ஸ் இருக்கும்.

இந்த இருபது நிமிடத்தை வேகமாக ஓட்டிப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஓட்டிப் பார்த்தால் படம் மட்டும் தெரியும். பயமோ மெதுவாக நகரும் காட்சியிலும் இசையிலும் இருக்கிறது. சாதாரண வேகத்திலேயே ஓடவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். தாழ்ந்த முரசொலி, திடீர் அமைதி, உடனே ஒரு அலறல் என்று வந்தால் ஐந்து வயதுக்குக் கீழே அந்தப் படம் வேண்டாம். பயம் வந்தால் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும். காது பெரும்பாலும் திறந்தேதான் இருக்கும்.

நல்ல பாத்திரம் என்றால் பயம் வராது என்று நினைப்பது

குழந்தைகளின் திரை அச்சத்தை நீண்ட காலம் ஆராய்ந்த ஜோஆன் கேன்டர் போன்றோரின் முடிவு இது: பாலர் பள்ளி வயதில் பிள்ளை ஒரு பாத்திரத்தைத் தோற்றத்தை வைத்தே எடைபோடும், நடத்தையை வைத்து எடைபோடுவது வளர வளரத்தான் வரும். ஆகவே “அந்தப் பூதம் நல்ல பூதம்டா கண்ணு” என்ற விளக்கம் நான்கு வயதில் எடுபடாது. எட்டு வயது அண்ணன் அதே பூதத்தைப் பார்த்துச் சிரிப்பான். இருவருக்கும் சேர்த்து ஒரே படம் போடும்போது சின்னவர் வயதுக்குத்தான் தேர்வு செய்ய வேண்டும். பெரியவனுக்குரிய படம் தம்பி தூங்கும் நேரத்தில் ஓடட்டும்.

விலங்குகள் பற்றிய ஆவணப் படங்களிலும் இதே கவனம் தேவை. ‘அறிவுக்கு நல்லது’ என்று போட்டுவிட்டு நாம் சமையலறைக்குப் போயிருப்போம். அதற்குள் சிறுத்தை மான்குட்டியின் கழுத்தைக் கவ்வியிருக்கும். இது நிஜம் என்று பிள்ளைக்கும் தெரியும் என்பதால் “சும்மா நடிப்பு” என்று சமாளிக்கவும் வழியில்லை. கடலடி, பறவைக் கூடு, பூச்சிகள் என்று தலைப்பிட்டவற்றிலும் வேட்டைக் காட்சி வரலாம், முன்பே பார்த்துவிடுவதே நல்லது.

‘நாங்கள் சின்ன வயதில் பார்த்த படம்’ என்பதும் உத்தரவாதமில்லை. நம் நினைவில் பாட்டுதான் தங்கியிருக்கும். தீப்பிடிக்கும் காட்சி மறந்தே போயிருக்கும்.

படம் சரி, ஏற்பாடு தவறு

வீட்டில் விளக்கை அணைத்து, ஒலியைக் கூட்டி, தூங்கப்போகும் நேரத்தில் படம் போடுவது மென்மையான படத்தையும் கடுமையாக்கிவிடும். விளக்கு எரியட்டும், ஒலி நீங்கள் பேசிக்கொள்ளும் அளவுக்கு இருக்கட்டும், தூங்குவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே படம் முடியட்டும். ஓடிடி செயலியில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த படத்துக்குப் பிறகு அதுவாகத் தொடங்கும் படம் உங்கள் தேர்வு அல்ல. குழந்தைக்கான புரொஃபைலில் வயது வரம்பைக் கீழே இறக்கி, பெரியவர்களின் புரொஃபைலுக்குக் கடவு எண் போட்டு வைக்க வேண்டும். இந்த இரண்டாவதை மறந்தால் முதலாவதால் பயனில்லை.

முதல்முறை திரையரங்குக்கு என்றால் ஓரத்து இருக்கை எடுங்கள். படத்துக்கு முன்னால் ஓடும் வேறு படங்களின் டிரெய்லர்கள் முடிந்த பிறகு உள்ளே போகலாம். காதை மூடும், குழந்தைகளுக்கான ஹெட்போன் ஒன்று பையில் இருக்கட்டும்.

நேரமும் கணக்கில் வரும். 2 முதல் 4 வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன வழிகாட்டுதல். இந்த வயதுக்கு முழுநீளப் படத்தைவிட ஏழெட்டு நிமிடக் குறும்படங்களே பொருத்தம். வில்லனே இல்லாத கதைகளைத் தேடுங்கள்: தொலைந்த பொருளைத் தேடுவது, மழையில் மாட்டிக்கொள்வது, இரண்டு நண்பர்கள் தவறாகப் புரிந்துகொண்டு பிறகு சேர்வது. நீளப் படத்தை இரண்டாகப் பிரித்துப் போடுவதானால் கதையில் பாட்டோ சாப்பாடோ தூக்கமோ முடிந்த இடத்தில் நிறுத்துங்கள்.

பயந்த பிறகு செய்யும் தவறு

பிள்ளை மிரண்டதும் “இது நிஜமில்லை” என்று வாதாடுவது ஏழெட்டு வயதுக்கு மேல் வேலை செய்யும். அதற்குக் கீழே மடியில் வைத்துக்கொள்வது, கையைப் பிடிப்பது, தண்ணீர் கொடுப்பது, பிடித்த பொம்மையைக் கையில் தருவது இவைதான் வேலை செய்யும். “இதுக்குப் போய் பயப்படுறியா?” என்று சிரித்துவிட்டால் அடுத்த முறை பிள்ளை பயத்தை மறைக்கும், அதன்பின் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று நமக்கே தெரியாமல் போகும். காதைப் பொத்துவது, நகத்தைக் கடிப்பது, நடுவில் எழுந்து “பாத்ரூம்” என்பது, திரைக்கு முதுகு காட்டி விளையாடத் தொடங்குவது எல்லாம் ‘போதும்’ என்பதற்கான அடையாளங்கள்.

அப்போது படத்தைப் பட்டென்று அணைத்துவிட்டால் பயந்த இடத்திலேயே கதை நின்றுவிடும். அம்மாவைத் தொலைத்த குட்டியின் கதை என்றால், ஒலியைக் குறைத்து, அந்தக் குட்டி வீடு திரும்பும் காட்சிக்குத் தள்ளிப்போய் அதை மட்டும் காட்டுங்கள். அதையும் பார்க்க மறுத்தால் முடிவை வாயால் சொல்லிவிடுங்கள்: “அம்மா வந்துட்டாங்க, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிட்டாங்க.” மறுநாள் அதே கேள்வி திரும்ப வரும், அதே பதிலை அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். கதையில் அம்மா உண்மையில் திரும்பாவிட்டால் பொய் சொல்ல வேண்டாம். அந்தக் குட்டியை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொன்னால் போதும்.