துணைக்கு ஒரு கேமிங் கணினி: குறைந்த செலவில் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மனைவி மூன்று ஆண்டுகளாக ஸ்டார்டியூ வேலி என்னும் பண்ணை விளையாட்டைத் தன் கல்லூரிக் காலத்து மடிக்கணினியில் விளையாடி வந்தார். கீல் தளர்ந்துபோன அதன் திரை, சுவரில் சாய்த்து வைத்தால்தான் நிற்கும். அரை மணி நேரம் போனால் அடிப்பாகம் மடியில் வைக்க முடியாதபடி சுடும். 2023இல் அவருக்கென்று ஒரு கேமிங் கணினியைக் குறைந்த செலவில் அசெம்பிள் செய்து தர முடிவெடுத்தேன். அதில் நான் செய்த தவறுகளையும், பின்னர் நண்பர்கள் தங்கள் துணைக்காகப் பட்டியல் போட்டபோது கண்ட தவறுகளையும் இங்கே விளக்குகிறேன். தனக்கென வாங்குபவர் செய்யும் தவறுகளிலிருந்து இவை சற்று வேறுபட்டவை. பட்டியல் போடுபவர் ஒருவர், அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் இன்னொருவர் என்பதுதான் காரணம்.

பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு, கேட்காமலே முடிவெடுப்பது. நான் முதலில் எழுதிய பட்டியல் முழுவதும் எனக்குப் பிடித்த, கிராபிக்ஸ் கார்டை (திரைக் காட்சிகளை வரையும் பாகம்) வாட்டி எடுக்கும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளை மனத்தில் வைத்து எழுதியது. ஒரு மாலை அவரிடம் உட்கார்ந்து பேசியபோதுதான், அத்தகைய விளையாட்டுகளைப் பத்து நிமிடம் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும் என்பது தெரிந்தது. அவர் விரும்பியவை மூன்று: ஸ்டார்டியூ வேலி, இருவரும் சேர்ந்தே ஆட வேண்டிய இட் டேக்ஸ் டூ, அந்த ஆண்டு வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3. முதலாவதை எந்தக் கணினியும் ஓட்டும். இரண்டாவதில் திரையை இரண்டாகப் பிரித்து ஒரே கணினியில் இருவரும் ஆடலாம் என்பதால், கட்டுப்பாட்டுக் கருவியாக ஒரு கன்ட்ரோலர் வாங்கினால் போதும். மூன்றாவதுக்கு 150 ஜிபி இடம் வேண்டும், அதுவும் எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகத்தில். கதையின் மூன்றாம் பாகத்தில் வரும் பெருநகரத்தில் கூட்டம் மிகுவதால் கார்டைவிட, கணக்குகளைச் செய்யும் மையச் சில்லான பிராசஸர்தான் திணறும். இந்த ஒரு பேச்சால் என் பட்டியலில் கார்டுக்கு ஒதுக்கிய பணம் குறைந்து, பிராசஸருக்கும் 1 டிபி எஸ்எஸ்டிக்கும் போனது. உங்கள் துணை வாலரண்ட் என்னும் ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடுபவர் என்றால் கணக்கே வேறு: அது கார்டிடம் அதிகம் கேட்காது, ஆனால் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும். பழைய மதர்போர்டை (எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகை) மலிவாக வாங்கியவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. தனக்குப் புதுக் கார்டு வாங்கிக்கொண்டு, கழற்றிய பழைய கார்டைச் சுற்றி ஒரு கணினியைக் கட்டித் துணைக்குக் கொடுப்பது. அந்தக் கார்டு அவருடைய விளையாட்டுகளுக்குப் பொருந்துமானால் அது நல்ல சிக்கனம்தான். பொருந்தாவிட்டால், மிச்சத்தை அவருக்குத் தள்ளிவிட்டோம் என்பதை அவர் ஒவ்வொரு நாளும் திரையில் பார்ப்பார்.

அடுத்தது, கேபினெட்டுக்குள் இருப்பவற்றை மட்டும் கூட்டிப் பட்ஜெட் முடிந்துவிட்டதாக நினைப்பது. நான் 60,000 ரூபாய் என்று மகிழ்ந்திருந்த பட்டியலில் மானிட்டர் இல்லை, கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் இல்லை, யுபிஎஸ் இல்லை, விண்டோஸ் உரிமமும் இல்லை. இவற்றைச் சேர்த்தபோது இன்னும் 20,000 ரூபாய்க்கு மேல் தேவைப்பட்டது. மானிட்டரைக் கடைசிக்குத் தள்ளுவதில் மற்றொரு கேடும் இருக்கிறது: எந்தக் கார்டு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே மானிட்டர்தான். 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 லட்சம். திரையில் ஓடும் ஒவ்வொரு பிரேமிலும் (படத்திலும்) கார்டு வரைய வேண்டிய வேலை முக்கால் மடங்குக்கு மேல் கூடுகிறது. 1080பி திரைக்கு ஆர்எக்ஸ் 6600 போன்ற 8 ஜிபி கார்டு நிறைவாக உழைக்கும். அதே கார்டை 1440பி திரையோடு இணைத்துவிட்டு, விளையாட்டு தடுமாறுகிறது என்று வருந்துவதில் பயனில்லை. ஆன்லைன் விலையையும் சென்னை ரிச்சி தெருக் கடை விலையையும் ஒப்பிடும்போது, கடைக்காரர் வாயால் சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பிறந்தநாளுக்கு ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று, தள்ளுபடி வரும்போதெல்லாம் ஒவ்வொரு பாகமாக வாங்கி ஆறு மாதம் அலமாரியில் ஒளித்து வைப்பவர்களை அறிவேன். அன்பினால் செய்வதுதான், ஆனால் இதில் உள்ள அபாயம் பெரிது. வந்தவுடனே பழுதாக இருக்கும் பொருளை மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான விற்பனையாளர்கள் தரும் அவகாசம் ஒரு வாரம், பத்து நாள். மற்ற பாகங்கள் இல்லாமல் மதர்போர்டை மட்டும் வைத்துச் சோதிக்கவே முடியாது. ஒரு நண்பர் மார்ச்சில் வாங்கிய மதர்போர்டைச் செப்டம்பரில்தான் முதன்முறையாக இயக்கினார். ஒரு ரேம் ஸ்லாட் வேலை செய்யவில்லை. கடையில் மாற்றித்தர மறுத்துவிட்டார்கள், சர்வீஸ் மையத்துக்கு அனுப்பி வாங்கப் பல வாரம் ஆனது, பிறந்தநாளும் கடந்தது. பணத்தைச் சேர்த்து வைத்து, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்குங்கள்.

பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 450 வாட் என்று அச்சிட்டிருக்கும். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் தடத்திலிருந்து. அந்த ஸ்டிக்கரிலேயே 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்கினால், உண்மையில் கிடைக்கும் வாட் தெரியும். பல மலிவுப் பெட்டிகளில் அது முகப்பில் போட்ட எண்ணைவிட மிகவும் குறைவாக இருக்கும். இன்னொரு பக்கம், 80 பிளஸ் முத்திரை இருந்தால் போதும் என்பதும் தவறு. அது எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்பதற்கான சான்றே தவிர, மின்னழுத்தம் எகிறும்போது உள்ளே இருக்கும் பாகங்களைக் காக்கும் என்பதற்கான உறுதி அன்று. அதே நேரத்தில் 850 வாட் வாங்கிப் பணத்தைக் கரைக்கவும் வேண்டாம். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட், ரைசன் 5 5600 பிராசஸர் முழு வேகத்தில் சுமார் 76 வாட், மற்றவை எல்லாம் சேர்த்து ஒரு 50 வாட்: மொத்தம் 260 வாட்டைத் தாண்டாது. நம்பகமான 550 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளமாகப் போதும். யுபிஎஸ்ஸுக்கும் இதே கணக்குத்தான். நம் ஊரில் பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்தால் மேற்சொன்ன கணினிக்கு அது சரியாக இருக்கும், அதைவிடப் பெரிய கார்டு என்றால் பெரிய யுபிஎஸ் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, கணினி வைக்கப் போகும் சுவரின் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். எங்கள் வாடகை வீட்டில் படுக்கையறை பிளக்கில் எர்த் கம்பியே இணைக்கப்படவில்லை. கேபினெட்டின் ஓரத்தைத் தொட்ட என் மனைவியின் விரலில் மெல்லிய அதிர்வு ஏறிய பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

ரேமில் நடக்கும் தவறு சிறியது, விளைவு பெரியது. பின்னால் இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம் என்று 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்குகிறார்கள். இரண்டு 8 ஜிபி குச்சிகளாகப் போட்டால் பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு தடங்கள் திறக்கின்றன. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசஸரின் உள் கிராபிக்ஸை நம்பும் கணினிகளில் இந்த வேறுபாடு கண்ணாலேயே தெரியும். 3200 என்று எழுதியிருக்கும் பல ரேம்கள், பயாஸ் என்னும் தொடக்க அமைப்புத் திரையில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்கும்வரை அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடும். 2025இன் இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், பழைய விலையை நினைவில் வைத்துப் பட்டியல் போடாதீர்கள்.

பிராசஸரின் பெயரில் உள்ள எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல் ஐ5-12400எஃப் போன்ற எஃப் வகைகளிலும் ரைசன் 5 5600இலும் உள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கலாம் என்றால், உள் கிராபிக்ஸ் கொண்ட 5600ஜி நல்ல இடைக்கால வழி. ஆனால் அது, கார்டை இணைக்கும் பிசிஐஇ வழியில் 3.0 தலைமுறை வரைதான் செல்லும் என்பதால், நான்கே தடங்களில் இயங்கும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டைப் பின்னால் அதனுடன் சேர்த்தால் வேகம் இழப்பீர்கள். மேற்சொன்ன ரைசன்கள் பொருந்தும் ஏஎம்4 மேடைக்குப் பதிலாக 2022இல் வந்த ஏஎம்5ஐ வாங்கினால் வருங்காலத்தில் பிராசஸரை மட்டும் மாற்றலாம் என்பது உண்மைதான். உங்கள் துணை அப்படி மாற்றிக்கொண்டே இருப்பவரா, ஐந்தாண்டு அப்படியே வைத்து ஆடுபவரா என்று பாருங்கள். என் மனைவி இரண்டாம் வகை. ஏஎம்4இல் மிச்சமான பணம் நல்ல மானிட்டருக்குப் போனது.

பழைய கார்டு வாங்குவது தவறில்லை, கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதுதான் தவறு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓடவிட்டு நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டபின், இரவும் பகலும் ஓடித் தேய்ந்த கார்டுகள் சந்தையில் குவிந்தன. ஆர்எக்ஸ் 580 என்று விற்பவற்றில், 2304 கணக்கிடும் கோர்களுக்குப் பதில் 2048 மட்டுமே உள்ள வகையும் உண்டு. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கணினி எங்கே இருக்கப் போகிறது என்பதையும் அவரே சொல்ல வேண்டும். படுக்கையறை என்றால் சத்தம் குறைந்த விசிறியும், டக் டக் என்று ஒலிக்காத கீபோர்டும் வேண்டும். ரூட்டர் கூடத்தில் இருந்தால் வைஃபை உள்ள மதர்போர்டு வேண்டும், குறைந்த விலை போர்டுகள் பலவற்றில் அது இருக்காது. சென்னை வெயிலுக்கு முகப்பில் கண்ணாடி பதித்த கேபினெட்டைவிட, காற்று புகும் வலை முகப்பும் கழற்றித் துடைக்கக்கூடிய தூசு வடிகட்டியும் உள்ள கேபினெட் ஏற்றது.

எல்லாம் பொருத்தியபின் நான் செய்த ஒரு பிழை: மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டுத் திரை வரவில்லையே என்று ஒரு மணி நேரம் ரேமைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அவர்தான் பின்பக்கம் குனிந்து பார்த்து, கீழே கிடைமட்டமாக இன்னொரு எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டார். கிராபிக்ஸ் கார்டின் துளை அது. திரை வந்தபின், நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60இலேயே நிற்கிறதா என்று விண்டோஸ் அமைப்பில் பாருங்கள். வாங்கிய வேகத்தைப் பயன்படுத்தாமலே ஓராண்டைக் கழித்தவர்கள் இருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே அவருடைய விளையாட்டுகளைத் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள். பில்லை அவர் பெயரிலேயே போடச் சொல்லி, பாகங்களின் சீரியல் எண்களைப் படமெடுத்து அவருடைய போனிலும் சேர்த்து வையுங்கள். மூன்றாண்டு வாரன்டியில் என்றாவது ஒரு நாள் நீங்கள் ஊரில் இல்லாதபோது கார்டு பழுதானால், அதைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் மையத்துக்குப் போகப் போகிறவர் அவர்தான்.