ஆகஸ்ட் 9, ஆகஸ்ட் 15: வெளிநாட்டில் வாழும் நம் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டுக்காரர்களுக்கு சிங்கப்பூர் புது ஊர் இல்லை. அந்தக் காலத்தில் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போனவர்கள், கடையும் தங்குமிடமும் ஒன்றாக இருந்த கிட்டங்கியில் தங்கி, மூன்று வருஷக் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். 1859இல் டேங்க் ரோடு முருகன் கோயிலை எழுப்பியவர்களும் அவர்கள்தான். ஆனால் பெண்டு பிள்ளைகள் பெரும்பாலும் காரைக்குடியிலும் தேவகோட்டையிலுமே இருந்துவிட்டார்கள். அதனால் போன நாட்டின் தேசிய நாளைப் பிள்ளைகளோடு எப்படிக் கொண்டாடுவது என்பதற்கு நம்மிடம் பழைய வழக்கம் இல்லை. நாமாகத்தான் பழக வேண்டியிருக்கிறது.

பெரிய தவறு, ‘உனக்கு எந்த நாடு?’ என்று பிள்ளையைக் கேட்பது. சிங்கப்பூர் தேசிய தினம் ஆகஸ்ட் 9. நம் சுதந்திர தினம் ஆகஸ்ட் 15. நடுவில் ஆறே நாள். ஒரு வருஷம் பள்ளி விழாவுக்குச் சிவப்புச் சட்டை போட்டுப் போய்வந்த என் மகளிடம், காரைக்குடியிலிருந்து வீடியோ காலில் அவள் அப்பத்தா ஆசையாகக் கேட்டார்கள்: “உன் கொடி எது ஆத்தா, அதுவா, நம்ம கொடியா?” அவள் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த காகிதக் கொடியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், என் முகத்தைப் பார்த்தாள். பெரியவர்கள் அப்படிக் கேட்கத்தான் செய்வார்கள். நான் உடனே குறுக்கே புகுந்து, “ரெண்டும் அவளுதுதான் ஆத்தா” என்று சொல்லியிருக்க வேண்டும். சும்மா இருந்துவிட்டேன்.

அடுத்தது, வாழும் நாட்டின் நாளை வெறும் லீவாக நினைப்பது. அணிவகுப்புக்கு டிக்கெட் கிடைக்காவிட்டாலும் வெளியே நின்று வாணவேடிக்கை பார்க்கலாம். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. அங்கே பள்ளியில் சொல்லும் உறுதிமொழிக்குத் தமிழ் வடிவமும் உண்டு; வீட்டில் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சிங்கப்பூர் தேசிய கீதத்தில் வரும் ‘மஜுலா சிங்கப்பூரா’ என்றால் ‘முன்னேறட்டும் சிங்கப்பூர்’ என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே என் மகள்தான்.

ஆகஸ்ட் 15க்கு வருவோம். செங்கோட்டையில் காலை 7.30க்குக் கொடி ஏறும்போது சிங்கப்பூரில் மணி 10. பிள்ளை பள்ளியில் இருக்கும். அதற்காக அந்த நாளையே விட்டுவிடாதீர்கள். சாயங்காலம் ஊருக்குப் பேசி, தாங்கள் படித்த பள்ளியில் கொடியேற்றிய கதையை ஐயாவைச் சொல்லச் சொல்லுங்கள். கொடி அவிழ்ந்ததும் உதிர்ந்த பூ, கையில் கிடைத்த ஆரஞ்சு மிட்டாய் எல்லாம் அதில் வரும். நேரலையைவிட அதைத்தான் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கொடி விஷயத்தில் கவனம் வேண்டும். சிங்கப்பூரில் வேற்று நாட்டுக் கொடியைப் பொது இடத்தில் பறக்கவிடச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. மூவர்ணக் கொடி வீட்டுக்குள் இருக்கட்டும். காகிதக் கொடியானாலும் விழா முடிந்ததும் தரையில் போடக்கூடாது. நம் கொடி விதியும் அதைத்தான் சொல்கிறது.

அப்புறம், ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களை ‘கூட்டமா இருக்கும், உங்களால முடியாது’ என்று வீட்டோடு உட்கார வைத்துவிடாதீர்கள். அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். மறு வருஷம் என் ஆத்தா ஆகஸ்ட் 9க்கு எங்களோடு இருந்தார்கள். காலையிலேயே பச்சரிசியும் உளுந்தும் ஆட்டி, வெள்ளைப் பணியாரத்தை ஒவ்வொன்றாக ஊற்றி எடுத்தார்கள். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். மகள் தட்டில் மேலே துவையலைப் பரப்பி, கீழே பணியாரத்தை அடுக்கினாள்.

“அப்பத்தா, இங்கே பாருங்க, சிங்கப்பூர் கொடி!”

ஆத்தா சிரித்துக்கொண்டே, பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும் அதே மாதிரி ஒரு தட்டு அடுக்கச் சொன்னார்கள்.