பாட்டம் பிராக்கெட்டைப் பார்த்து ஃபிரேம் வாங்குங்கள்: சைனா கார்பனில் கிராவல் சைக்கிள் கட்டுவது

பெங்களூரில் இருந்து ஆனேக்கல் வழியாகத் தளிக்குப் போகும்போது தார் ரோட்டை விட்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் செம்மண் தடம்தான். இரண்டு பக்கமும் கேழ்வரகுக் கொல்லை, தைலமரத் தோப்பு, நடுவில் திடீரென்று உருண்டைக் கல் கிடக்கும் ஏற்றம். 28 மில்லிமீட்டர் டயர் போட்ட ரோடு சைக்கிளில் அங்கே போனால் கை மரத்துப்போகும், மவுண்டன் சைக்கிளை எடுத்தால் அங்கே போய்ச் சேருவதற்கான தார் ரோடே ஆளைத் தின்றுவிடும். அதற்குத்தான் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கிராவல் சைக்கிள். கடையில் கார்பன் கிராவல் சைக்கிளின் விலையைக் கேட்டுவிட்டுச் சும்மா திரும்பி வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஒன்று கட்டினேன், நண்பர்களுக்கு இரண்டு கட்டிக் கொடுத்தேன். மூன்றிலும் வந்த தலைவலியில் பெரும்பகுதிக்கும் கார்பனுக்கும் சம்பந்தமே இல்லை. எந்தச் சாமான் அதில் பொருந்தும், அந்தச் சாமான் இந்த ஊரில் கிடைக்குமா என்று பணம் கட்டும் முன் பார்க்காமல் விட்டதால் வந்த தலைவலி.

முதலில் பாட்டம் பிராக்கெட், அதாவது ஃபிரேமின் அடியில் கிராங்கின் அச்சு சுழலும் இடம். எனக்கு வந்த முதல் ஃபிரேம் பிபி86, அதாவது 41 மில்லிமீட்டர் துளைக்குள் பேரிங் கப்பை அழுத்திச் சொருகும் வகை. முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு மிதிக்கும் 'டிக் டிக்' என்று சத்தம். ஒரு கடையில் மூன்று தடவை கழற்றி மாட்டினார்கள், இரண்டு வாரம் அமைதி, அப்புறம் மறுபடி அதே சத்தம். கடைசியில் அல்சூர் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் தமிழ்க்காரர் ஒருவரிடம் ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு போனேன். வெர்னியரை உள்ளே வைத்து நெடுக்கே ஒரு முறை, குறுக்கே ஒரு முறை அளந்துவிட்டு, "தம்பி, இது வட்டமே இல்லைப்பா" என்றார். கப் உட்காரும் இடம் முட்டை வடிவத்தில் இருந்தது. ரிட்டெய்னிங் காம்பவுண்டு தடவி ஒட்டவைத்து ஓட்டினோம், இன்றுவரை சத்தம் இல்லை, ஆனால் பேரிங் மாற்ற வேண்டிய நாளை நினைத்தால் இப்போதே கவலையாக இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: மரை போட்ட பாட்டம் பிராக்கெட் உள்ள ஃபிரேமை மட்டும் வாங்குங்கள். பிஎஸ்ஏ என்ற பழைய மரை அளவு என்றால் மிக நல்லது, எந்த ஊர்க் கடையிலும் கப் கிடைக்கும். டி47 என்றாலும் சரி, அதுவும் மரைதான், ஆனால் கப்பை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கேபிள் போகும் வழி. இப்போது வரும் ஃபிரேம்களில் பாதிக்கு மேல் பிரேக் ஆயில் போகும் ஹோஸும் கியர் கேபிளும் ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைக் கவ்வும் சாமான்) கீழே ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) வழியாக உள்ளே போகின்றன. பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் நம் செம்மண் தூளும் ஜூன் முதல் அக்டோபர் வரை பெய்யும் மழையும் சேர்ந்தால் ஹெட்செட் பேரிங் சீக்கிரம் போகும், அந்த ஒரு பேரிங்கை மாற்ற ஹைட்ராலிக் ஹோஸைக் கழற்றி, ஆயில் விட்டு, காற்று எடுத்து எல்லாம் செய்ய வேண்டும். டவுன் ட்யூபில் (ஹேண்டில் பக்கமிருந்து பாட்டம் பிராக்கெட்டுக்கு இறங்கும் குழாய்) ஓட்டை போட்டு அங்கே கேபிள் நுழையும் பழைய மாதிரி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள்.

மூன்றாவது, டிரெயில்லர் ஹேங்கர், அதாவது பின்னால் கியர் மாற்றும் டிரெயில்லரை ஃபிரேமில் தொங்கவிடும் துண்டு. கல்லில் விழுந்தால் முதலில் வளைவது அதுதான், வளைவதற்காகவே அலுமினியத்தில் செய்த சாமான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு தனி வடிவம் என்றிருந்ததை மாற்றி கியர் கம்பெனியான ஸ்ராம் 2019இல் யூடிஹெச் என்று ஒரே வடிவத்தைக் கொண்டுவந்தது. ஃபிரேம் அதை ஏற்றால் ஹேங்கருக்காகச் சைனாவில் உள்ள ஷியாமெனுக்கு மெயில் அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏற்காவிட்டால் ஃபிரேமோடு சேர்த்து மூன்று ஹேங்கராவது ஆர்டர் செய்யுங்கள், கூடவே சக்கரத்தை ஃபிரேமில் பிடிக்கும் த்ரூ ஆக்ஸில் ஒரு ஜோடி உபரி. ஆக்ஸிலின் தடிமன் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர்தான் என்றாலும் மரை 1.0, 1.5, 1.75 என்று மூன்று விதமாக வருகிறது, தொலைத்துவிட்டால் பொருத்தமானதைத் தேடி அலைய வேண்டும்.

சைஸ் விஷயத்தில் 52, 54 என்று அவர்கள் போடும் எண்ணை நம்ப வேண்டாம். இப்போது நீங்கள் ஓட்டும் சைக்கிள் உடம்புக்குச் சரியாக இருந்தால் அதன் ஸ்டாக் (பாட்டம் பிராக்கெட்டில் இருந்து முன்னால் உள்ள ஹெட் ட்யூபின் மேல் விளிம்புக்கு உள்ள உயரம்), ரீச் (அதே இரண்டு இடத்துக்கும் உள்ள கிடைத் தூரம்) இரண்டையும் எடுத்து, விற்பவர் தரும் வரைபடத்தில் அந்த இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் எது வருகிறதோ அதை வாங்குங்கள். டயர் இடம் குறைந்தது 700க்கு 45 (45 மில்லிமீட்டர் அகல டயர்) இருக்க வேண்டும். 40 டயர் போடப்போகிறவர் 40 இடமுள்ள ஃபிரேமை வாங்கினால் மழையில் ஒட்டும் சேறு செயின்ஸ்டேயின் (பாட்டம் பிராக்கெட்டில் இருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) உள்பக்கத்தை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் ஆப்பை இந்திய அரசு முடக்கியதில் இருந்து பெரும்பாலும் தயாரிப்பாளரிடம் நேரடியாகப் பேசித்தான் வாங்குகிறோம். ஃபிரேமும் ஃபோர்க்கும் சேர்ந்து பெரும்பாலும் 400 முதல் 600 டாலருக்குள் முடியும். கேட்க வேண்டியவை: சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 சோதனை அறிக்கை, அதிகபட்ச எடை வரம்பு, ஹெட்செட் பேரிங்கின் அளவு, உடைந்தால் யார் என்ன தருவார்கள். டி800, டி1000 என்று நார் வகையைப் பெருமையாகச் சொல்வார்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், நாரை எப்படி அடுக்கினார்கள் என்பதில்தான் பலம் இருக்கிறது. பில்லில் விலையைக் குறைத்துப் போடட்டுமா என்று அவர்களே கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கஸ்டம்ஸ் சந்தேகப்பட்டால் பெட்டி அங்கேயே கிடக்கும். சுங்க வரி, ஐஜிஎஸ்டி இரண்டும் ஃபிரேம் விலையோடு கப்பல் செலவையும் சேர்த்துத்தான் கணக்காகும், அதனால் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். கூரியர்காரர் கேட்கும் கேஒய்சி காகிதங்களை உடனே அனுப்பிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெட்டி வந்ததும் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். எதையும் மாட்டும் முன் ஒரு சாயங்காலம் முழுவதும் ஃபிரேமோடு உட்காருங்கள், இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. செல்போன் டார்ச்சை ஹெட் ட்யூபுக்குள்ளும் பாட்டம் பிராக்கெட்டுக்குள்ளும் அடித்துப் பாருங்கள்: உள்ளே சுருக்கம், உதிர்ந்த ரெசின், எடுக்காமல் விட்ட பிளாஸ்டிக் பை இருக்கும். பை தொங்கினால் இழுத்து எடுத்துவிடலாம், ஆனால் நார் மடிந்து அலை அலையாகத் தெரிந்தால் படம் எடுத்து அனுப்பி மாற்றிக் கேளுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள், 'டக் டக்' என்று கூர்மையாகக் கேட்கும் சத்தம் எங்கேயாவது மட்டும் 'தப்' என்று அமுங்கினால் அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள். அப்புறம் நூல் சோதனை: பின்சக்கரம் மாட்டும் இடத்தில் இடது பக்கம் நூலைக் கட்டி, ஹெட் ட்யூபைச் சுற்றி வலது பக்கம் கொண்டுவந்து இழுத்துக் கட்டி, சீட் ட்யூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாட்டாதீர்கள், எழுதுங்கள். நண்பருடைய ஃபிரேம் ஒன்றில் நாலு மில்லிமீட்டர் வந்தது, படத்தோடு அனுப்பினோம், வேறு ஃபிரேம் அனுப்பினார்கள். மாட்டி ஓட்டிய பிறகு கேட்டிருந்தால் யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கியருக்கு வருவோம். முன்னால் 40 பல்லோடு ஒரே பல்சக்கரம், பின்னால் 11-42 (சிறியதில் 11 பல், பெரியதில் 42) என்பது இங்கே போதும். நந்தி மலைக்கும் அது போதும், மூட்டை கட்டிக்கொண்டு அஞ்செட்டிப் பக்கம் போகிறவர் முன்னால் 38 போடலாம். ஷிமானோ ஜிஆர்எக்ஸ் 11 ஸ்பீடில் 42 பல் வரை ஏற்பது ஆர்எக்ஸ்812 டிரெயில்லர்தான், பெயரில் பக்கத்தில் நிற்கும் ஆர்எக்ஸ்810 34 பல்லோடு நின்றுவிடும், பெட்டியின் மேல் எண்ணை இரண்டு முறை படியுங்கள். பணம் குறைவு என்றால் மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் 10 ஸ்பீடு, 11-48 கேசட் (பின்பல்சக்கரத் தொகுதி) வரை போகும், கேபிள் பிரேக்தான் என்றாலும் இரண்டு பக்க பேடும் நகரும் டிஆர்பி ஸ்பைர் காலிப்பரும் அமுங்காத வகை அவுட்டரும் (கேபிளின் மேலுறை) போட்டால் பிரேக் தாராளமாகப் பிடிக்கும். இன்னொரு சின்ன விஷயம்: 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் மவுண்டன் கேசட் போட்டால் 1.85 மில்லிமீட்டர் ஸ்பேசர் ஒன்று பின்னால் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கேசட்டைப் பிடிக்கும் லாக்ரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் கேசட் ஆடும்.

சக்கரத்தில் மட்டும் கஞ்சம் பார்க்க வேண்டாம். உள் அகலம் 23 முதல் 25 மில்லிமீட்டர் உள்ள அலுமினிய ரிம், ட்யூப்லெஸ், கோட்டம் எடுக்கத் தெரிந்தவர் கட்டியது. கார்பன் ரிம் ஆசை இருந்தால் இரண்டு வருடம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். கருவேல முள் ஊர் இது, டயருக்குள் ஊற்றி ஓட்டையை அடைக்கும் சீலன்ட் இல்லாமல் போகவே முடியாது, வெயிலில் அது காய்ந்துவிடுவதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றுங்கள். என் எடை 70 கிலோ, 40 டயரில் 35 பிஎஸ்ஐ வைக்கிறேன்.

இனி மாட்டும் வேலை. கருவி வாங்கப் பெங்களூர் எஸ்ஜேபி ரோடுக்குப் போய், இறுக்கத்தை அளந்து காட்டும் ஒரு நல்ல டார்க் ரெஞ்ச் வாங்குங்கள், 2 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை போகும் ஒன்று. கை அளவில் இறுக்கிப் பழகியவர்கள்தான் கார்பனை உடைக்கிறார்கள். சீட் போஸ்டுக்கும் ஸ்டெம்முக்கும் 5, ஷிமானோ கிராங்கின் பக்கவாட்டு போல்ட் இரண்டுக்கும் 12 முதல் 14. கேசட் லாக்ரிங்குக்கு 40 என்பதால் பெரிய ரெஞ்ச் வேண்டும், அதை மட்டும் கடையில் இறுக்கச் சொல்லலாம். சாமான் மேலேயே வேறு எண் அச்சிட்டிருந்தால் அந்த எண்தான் கணக்கு. கார்பன் சீட் போஸ்டில் கிரீஸ் தடவாதீர்கள், மணல் போல நரநரவென்று இருக்கும் கார்பன் பேஸ்ட்தான் தடவ வேண்டும். பிஎஸ்ஏ கப்பில் கிரீஸ் தாராளமாகப் போடலாம், செயின் பக்கத்து மரை இடமரை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஃபிரேமுக்குள் கேபிள் விட ஒரு வழி: தையல் நூல் நுனியில் விரல் நகம் அளவுக்கு ஸ்பாஞ்சைக் கட்டி, கேபிள் நுழையும் ஓட்டையில் வைத்து, பாட்டம் பிராக்கெட் பக்கம் வாக்கூம் கிளீனரை வைத்தால் 'சர்'ரென்று இழுத்துக்கொண்டு வந்துவிடும். அந்த நூலில் அவுட்டரைக் கட்டி இழுக்க வேண்டியதுதான். இழுக்கும் முன் ஸ்பாஞ்ச் குழாயை அவுட்டர் மேல் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கல் ரோட்டில் உள்ளே கடகடவென்று அடித்துக்கொண்டே வரும்.

ஃபோர்க்கின் ஸ்டீரர் குழாயை (ஹெட் ட்யூப் வழியாக மேலேறி ஸ்டெம்முக்குள் நிற்கும் குழாய்) வெட்டுவதுதான் எல்லோருக்கும் பயம். பயப்பட வேண்டியதுதான், நீளமாக விட்டால் மறுபடி வெட்டலாம், குட்டையாகிவிட்டால் ஃபோர்க்கே போச்சு. அதனால் ஸ்டெம்முக்கு அடியிலும் மேலேயும் ஸ்பேசரை அடுக்கி ஒரு மாதம் அப்படியே ஓட்டி, உயரம் உடம்புக்குப் பிடித்த பிறகு வெட்டுங்கள். மேல் ஸ்பேசரின் விளிம்பில் இருந்து 3 மில்லிமீட்டர் கீழே கோடு, அதைச் சுற்றி டேப், இஞ்சுக்கு 32 பல் உள்ள புது ஆக்ஸா பிளேடு. மொட்டை மாடியில் வெட்டினேன், மாஸ்க் போட்டு, மனைவி துளித்துளியாகத் தண்ணீர் விட, கறுப்புச் சாறு மாதிரி வழிந்தது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது, அதனால்தான் தண்ணீர். வெட்டிய விளிம்பை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, சூப்பர் குளூவை ஒரு வளையம் தடவிவிடுங்கள். உள்ளே நட்சத்திர நட்டு அடிக்கவே கூடாது, உள்ளே விரிந்து பிடிக்கும் எக்ஸ்பாண்டர் பிளக்தான், அதுவும் ஸ்டெம் கவ்வும் இடத்துக்கு நேர் உள்ளே வரும்படி.

முதல் வாரம் வீட்டுப் பக்கம், கப்பன் பார்க் சுற்றி மட்டும் ஓட்டுங்கள். 100 கிலோமீட்டர் ஆனதும் எல்லா போல்ட்டுக்கும் மறுபடி ரெஞ்ச் போடுங்கள், முக்கியமாக ஸ்டெம், பிரேக் காலிப்பர், ஆக்ஸில். சீட் போஸ்டில் ஒரு டேப் ஒட்டிவைத்தால் கீழே இறங்குகிறதா என்று தெரியும். ஹெட் ட்யூபும் டவுன் ட்யூபும் சேரும் இடம், சீட் ட்யூபின் மேல் விளிம்பு, செயின்ஸ்டே இந்த மூன்று இடத்தையும் ஒவ்வொரு தடவை கழுவும்போதும் விரலால் தடவிப் பாருங்கள். பெயிண்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் நாணயத்தால் தட்டுங்கள், சத்தம் மாறியிருந்தால் அன்றோடு ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கார்பன் ரிப்பேர் செய்கிறவரிடம் காட்டுங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால் உபரி ஹேங்கர் ஒன்றைச் சீட் பையில் போட்டுக்கொண்டு தளிப் பக்கம் போகலாம். ஏரி தாண்டியதும் வரும் தைலமரத் தோப்பில் மட்டும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள், உதிர்ந்த இலைக்கு அடியில் கல் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.