கல்வீட்டுக்குள் ஜிகாபிட் வயர் இழுப்பது எப்படி

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் தடித்த சுண்ணாம்புக்கல் சுவர் வைபையை நன்றாகவே மறித்துவிடும். றவுட்டர் விறாந்தையில் இருந்தால் பின்னறைக்கு ஒரு கோடுதான் எட்டும். வாங்கிய அலைவரிசையிலேயே திருப்பி அனுப்புகிற மலிவான எக்ஸ்ரென்டர் (வைபையை நீட்டிக்கும் கருவி), கிடைக்கும் வேகத்திலும் பாதியைத் தின்றுவிடும். அந்தக் காசுக்கு ஒரு கேபிள் இழுப்பது மேல்.

முதலில் றவுட்டரின் லான் போர்ட்டை, அதாவது கேபிள் செருகும் துளையைப் பாருங்கள். அது 100 மெகாபிட் போர்ட் என்றால் எந்தக் கேபிள் போட்டும் அதற்கு மேல் வேகம் வராது. ஜிகாபிட் என்றால் செக்கனுக்கு 1000 மெகாபிட். போர்ட்டுகளின் எண்ணிக்கை போதாவிட்டால் 5 போர்ட் ஜிகாபிட் சுவிற்ச் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) ஒன்று போதும்.

கேபிளின் தரவகையை கேட் 5ஈ, கேட் 6 என்று சொல்வார்கள். ஜிகாபிட்டும் 2.5 ஜிகாபிட்டும் கேட் 5ஈ கேபிளிலேயே 100 மீற்றர் வரை ஓடும். புதிதாக இழுப்பவர்கள் கேட் 6 போடலாம். 10 ஜிகாபிட்டை அது ஏறத்தாழ 55 மீற்றர் வரை தாங்கும். கேட் 7, கேட் 8 வீட்டுக்குத் தேவையில்லை. விலை சந்தேகப்படும்படி குறைந்திருந்தால் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம். இரண்டு மூன்று முறை வளைத்தால் முறியும். கமராவுக்கு இதே கேபிளில் மின்சாரம் அனுப்பினால் சூடேறும். முழுச் செப்பையே கேட்டு வாங்குங்கள்.

230 வோல்ட் வயர் போகும் பைப்புக்குள் இதைச் செருகக் கூடாது. தனிப் பைப் போடுங்கள். குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடந்து போகட்டும். மூலையில் மடிக்காமல் வட்டமாகத் திருப்புங்கள்.

பெரும்பாலான கோளாறுகள் கேபிள் முனையில் பிளக் அடிக்கும்போதுதான் வருகின்றன. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடிகளாக இருக்கும். கிளிப் கீழே பார்க்கப் பிடித்து, இடமிருந்து வலமாக: செம்மஞ்சள் வெள்ளை, செம்மஞ்சள், பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, மண்ணிற வெள்ளை, மண்ணிறம். இரண்டு முனையும் ஒரே வரிசை. சோடி சோடியாக அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும், மலிவான ரெஸ்டரில் (கேபிள் சோதிக்கும் கருவி) எட்டு விளக்கும் எரியும். ஆனால் ஒரே சோடியாக இருக்க வேண்டிய 3ஆம் 6ஆம் கம்பிகள் வேறு வேறு முறுக்கிலிருந்து வருவதால் சமிக்ஞைகள் ஒன்றில் ஒன்று கலந்து லிங்க் விட்டு விட்டு வரும். முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளி உறை பிளக்கின் பூட்டுக்குள் அகப்பட வேண்டும், இல்லாவிட்டால் இழுபடும்போது கம்பி கழன்றுவிடும். சுவருக்குள் போகும் கேபிளுக்கு ஒற்றைக் கம்பிக்கு (பல மெல்லிய இழைகளாக இல்லாதது) உரிய பிளக்கையே கேளுங்கள். சுவர்ச் சொக்கற்றில் முடித்தால் இன்னும் நல்லது.

வெளியே போவது கறுப்பு உறையுள்ள வெளிப்புறக் கேபிளாக இருக்கட்டும், சாதாரண உறை வெயிலில் வெடிக்கும். பருத்தித்துறை, குருநகர் போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று பிளக்கின் தொடுமுனைகளை அரிக்கும் என்பதால் இணைப்பை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். வளவில் தனிக் கட்டடத்துக்கு இழுப்பதானால் செப்பே வேண்டாம். மாரி இடிமின்னலில் இரண்டு முனையிலும் உள்ள பொருட்கள் போய்விடலாம். ஃபைபரும் (ஒளியில் தரவு அனுப்பும் கண்ணாடி இழைக் கேபிள்), அதை இரு முனையிலும் சாதாரண கேபிளோடு இணைக்கும் இரண்டு மீடியா கன்வேர்ட்டரும் போடுங்கள்.

முடிந்ததும் கணினியில் லிங்க் வேகத்தைப் பாருங்கள். 1000 வரவேண்டிய இடத்தில் 100 காட்டினால், பெரும்பாலும் நீலச் சோடியோ மண்ணிறச் சோடியோ தொடவில்லை. 100 மெகாபிட்டுக்குச் செம்மஞ்சளும் பச்சையும் போதும், ஜிகாபிட்டுக்கு நான்கு சோடியும் வேண்டும். பிளக்கை வெட்டித் திரும்ப அடியுங்கள். பிறகு இரண்டு கணினிக்கிடையே ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளை ஓடவிட்டால் 940 மெகாபிட் அளவில் வரவேண்டும்.