காஞ்சனபுரியில் ஒரு நாள்: மரண ரயில்பாதையையும் க்வே ஆற்றையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி

பாங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டரில் காஞ்சனபுரி இருக்கிறது. வேனில் போனால் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதையில் ஒரு பகுதி இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. தினமும் அதில் ரயில் ஓடுகிறது. தண்டவாளத்தை ஒட்டியே ஆறும் போகிறது. அதனால்தான் போர் வரலாற்றையும் ஆற்று வாழ்க்கையையும் ஒரே நாளில் பார்க்க இந்த ஊர் வாகாக அமைந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான ஒருநாள் சுற்றுலாக்கள் க்வே ஆற்று ரயில் பாலத்தில் படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடுகின்றன. தமிழர் ஒருவர் அவ்வளவு தூரம் போய் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது.

காரணம் இதுதான். தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை, 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் இணைந்தன. நேச நாடுகளின் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் இதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களைப் பற்றி நிறையச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சம் அளவில் இருந்தார்கள். இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது மதிப்பீடு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கூலியும் சாப்பாடும் தருவதாக ஆசைகாட்டியும், பிறகு வளைத்துப் பிடித்தும் கொண்டுவரப்பட்ட தமிழர்கள் இவர்களில் ஒரு பெரிய கூட்டம். கைதிகளிடம் ராணுவக் கட்டுப்பாடு இருந்தது, தங்கள் படையின் மருத்துவர்களே கூட இருந்தார்கள், செத்தவர் பெயரைக் குறித்துவைக்க ஆள் இருந்தது. தோட்டத் தொழிலாளருக்கு இவை எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாக அழிந்தார்கள். பயண நாளைத் திட்டமிடும்போது இது மனதில் இருக்கட்டும்.

வழிகாட்டியைப் பிடிப்பது

வேனில் பலரோடு சேர்ந்து போகும் கூட்டுச் சுற்றுலா, உங்கள் குடும்பத்துக்கு மட்டும் வண்டியும் வழிகாட்டியுமான தனிச் சுற்றுலா என இரண்டு வகை உண்டு. கூட்டுச் சுற்றுலா மலிவு. ஆனால் நிற்கும் இடமும் நேரமும் உங்கள் கையில் இல்லை. நான்கைந்து பேர் இருந்தால் தனி வண்டியே நல்லது. தலைக்குக் கணக்குப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாக இருக்காது.

தாய்லாந்தில் வழிகாட்டி வேலை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. சுற்றுலாத் துறை தந்த உரிம அட்டை அவர் கழுத்தில் தொங்க வேண்டும். உங்களோடு வரும் தமிழ் பேசும் ஏற்பாட்டாளர் மொழிபெயர்க்கலாம், ஆனால் வழிகாட்டியாக இயங்கச் சட்டம் இடம் தராது. அவரை மட்டும் நம்பிப் போனால், சோதனை வந்தால் நடுவழியில் பயணம் நின்றுபோகும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: ஹெல்ஃபயர் பாஸ் (பாதைக்காகக் கையால் பாறையை வெட்டிய இடம்) உண்டா, அங்கே எத்தனை நிமிடம்? ரயில் எந்த நிலையத்தில் ஏறி எந்த நிலையத்தில் இறங்குவது, கட்டணம் சேர்ந்ததா? படகு சேர்ந்ததா, எந்த இடம் வரை? கடைசியாக, ஆசியத் தொழிலாளர் எலும்புகள் அடங்கிய வாட் தாவோன் வராராம் கோயிலில் அரை மணி நேரம் நிறுத்த முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வழிகாட்டி சொல்லும் பதிலிலேயே அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது புரிந்துவிடும்.

ஒரே நாளில் திணிக்கக் கூடாதது

பாங்காக்கில் விற்கும் பயணங்களில் தம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தையும் க்வே பாலமும் ஒன்றாக வரும். சந்தைக்குக் காலை ஒன்பதரைக்குள் போய்விட வேண்டும். அதற்குமேல் படகு வியாபாரிகளைவிடச் சுற்றுலாப் படகுகள்தான் அதிகம். 1860-களில் வெட்டிய, 32 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாய் மே க்ளோங், தா சின் என்ற இரண்டு ஆறுகளை இணைக்கிறது. தென்னம்பாளையிலிருந்து பதநீர் இறக்கிச் சர்க்கரை காய்ச்சும் வீடுகளும் அந்தப் பக்கம் உண்டு. பார்க்கத் தகுந்த இடம்தான். ஆனால் அங்கிருந்து காஞ்சனபுரி ஒன்றரை மணி நேரம், காஞ்சனபுரியிலிருந்து ஹெல்ஃபயர் பாஸ் இன்னும் 80 கிலோமீட்டர். மூன்றையும் சேர்த்தால் நாள் முழுக்க வேனிலேயே போய்விடும், எங்கேயும் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. சந்தை வேண்டுமென்றால் ஹெல்ஃபயர் பாஸை விடுங்கள். எங்களைக் கேட்டால், சந்தையை இன்னொரு நாளுக்குத் தள்ளுங்கள்.

நாளின் ஓட்டம்

காலை ஆறு மணிக்கு பாங்காக்கை விட்டால் எட்டேகாலுக்குக் காஞ்சனபுரி. முதலில் வாட் தாவோன் வராராம். வியட்நாமியர் மரபில் எழுந்த பௌத்தக் கோயில். பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர் எலும்புகள் இதன் வளாகத்தில் அடக்கமாகியிருக்கின்றன. 2023-ல் தமிழர்களுக்கு இங்கே ஒரு நடுகல் நாட்டினார்கள். கோயில் என்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பூ வைக்க விரும்பினால் முந்தின நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். வழியில் சந்தையில் மாலை வாங்கிவிடுவார்.

அடுத்தது பக்கத்திலேயே உள்ள போர்க் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய 7,000 பேர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து வீரர்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. இரண்டு வரிசை நடந்து வயதை மட்டும் படியுங்கள்: 22, 24, 27. இந்த நேர்த்தியான கற்களைப் பார்த்த பிறகு கோயிலில் பார்த்த பெயரில்லாத அடக்கத்தை நினைத்தால், வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் அந்த வரிசை. கல்லறை மேல் உட்காருவதும் சாய்ந்து படம் எடுப்பதும் கூடாது.

ஒன்பது மணிக்குத் தோட்டத்தை ஒட்டியுள்ள தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் திறக்கும். ஒரு மணி நேரம் கொடுங்கள். பாதையின் முகாம்கள், நோய்கள், நாட்டுவாரிக் கணக்கு எல்லாம் தெளிவாக இருக்கும். இதைப் பார்க்காமல் மேலே போனால் ஹெல்ஃபயர் பாஸ் வெறும் பாறை வெட்டாகவே தெரியும். ஆற்றோரம் 1977-ல் தொடங்கிய ஜீத் அருங்காட்சியகம் என்று இன்னொன்றும் உண்டு, மூங்கில் கொட்டகை மாதிரிகளோடு. ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும், தாய்லாந்து, ஹாலந்து ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. மலாயாவுக்கும் பர்மாவுக்கும் அதில் எழுத்து இல்லை. நேரம் மிஞ்சினால் மட்டும் போங்கள்.

ரயில்

காஞ்சனபுரி நிலையம் நடக்கும் தூரம்தான். ‘நாம் டோக்’ என்ற நிலையத்துக்குப் போகும் ரயில் 10.35 வாக்கில், வெளிநாட்டவருக்கு எந்தத் தூரத்துக்கும் 100 பாத். மூன்றாம் வகுப்பு மட்டும், மின்விசிறியும் திறந்த ஜன்னலும். முன்பதிவு கிடையாது. பாலத்தை ஒட்டி ஒரு சின்ன நிலையம் இருக்கிறது. பேருந்துக் கூட்டங்கள் அங்கேதான் ஏறும். அதற்கு ஒரு நிலையம் முன்பாகவே, காஞ்சனபுரியிலேயே ஏறிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும். ரயில் போகும் திசையில் இடப்பக்க ஜன்னல் பிடியுங்கள். ஆறு அந்தப் பக்கம்தான்.

கரும்பும் மரவள்ளியும் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியபின் தாம் க்ராசே நிலையத்தை ஒட்டிய மரப்பாலம் வரும். மலைச் சரிவுக்கும் க்வே நோய் ஆற்றுக்கும் நடுவே, மரக்கால்கள் மேல், ரயில் ஆள் நடக்கும் வேகத்துக்கு இறங்கிவிடும். பாறை கைக்கெட்டும் தூரத்தில் உரசுவது போல வரும். அந்த நேரம் தலையையோ கைபேசி பிடித்த கையையோ வெளியே நீட்டாதீர்கள்.

கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ரயில் அரைமணி தாமதமாவது சாதாரணம். 11.15 ஆகியும் வரவில்லையென்றால் காத்திருக்காதீர்கள். வேனிலேயே தாம் க்ராசேக்குப் போய், ரயில் இல்லாத நேரத்தில் மரப்பாலத்தில் நடந்து பார்த்துவிட்டு மேலே போங்கள். இல்லையென்றால் ஹெல்ஃபயர் பாஸ் மூடிவிடும். ரயில் நேரம் மாறக்கூடியது, முந்தின நாள் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ரயிலில் போகும்போது ஓட்டுநர் வேனை நாம் டோக்குக்குக் கொண்டுவந்து நிற்க வேண்டும். இதைக் காலையிலேயே பேசி முடியுங்கள்.

ஹெல்ஃபயர் பாஸ்

நாம் டோக்கில் ரயில் 12.35 வாக்கில் நிற்கும். அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் ‘மங்சவிரத்’ என்றால் முட்டை வரலாம், மீன் சாஸும் கைதவறி விழும். ‘ஜே’ என்று கேட்டால் முட்டை, மீன் சாஸ் எதுவும் இருக்காது. வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது.

ஹெல்ஃபயர் பாஸ் ஆஸ்திரேலிய அரசு நடத்தும் நினைவிடம். நுழைவு இலவசம், காலை 9 முதல் மாலை 4 வரை. காதில் மாட்டிக் கேட்கும் ஒலிக்கருவியும் தருவார்கள்; தவறாமல் வாங்குங்கள். தாய் மொழியில் இடத்தின் பெயர் சோங் காவ் காட். ஓட்டுநரிடம் அப்படிச் சொன்னால் உடனே புரியும்.

பாறையை வெட்டிய முறையை உள்ளே நின்றுதான் உணர முடியும். ஒருவர் இரும்பு உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருப்பார், இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஆழத் துளை விழுந்ததும் வெடி வைப்பு, பிறகு கற்களைக் கையால் அள்ளுவது. 1943 நடுவில் ‘ஸ்பீடோ’ என்று விரட்டிய மாதங்களில் நாளுக்குப் பதினெட்டு மணி நேரம்வரை வேலை; இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக நின்ற ஆட்களைப் பார்த்துத்தான் நரகத்தீ என்ற பெயர் வந்தது. வெட்டின் சுவரில் உடைந்துபோன துளைக்கம்பி ஒன்று இன்னும் பாறைக்குள்ளேயே மாட்டியிருக்கிறது. வழிகாட்டியைக் காட்டச் சொல்லி, பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

இறங்குவது எளிது, ஏறுவதுதான் வேலை. படிகள் நிறைய. முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயுள்ள காட்சிக் கூடத்தோடும் மேடையோடும் நிறுத்திக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள காலணி. ஜூன் முதல் அக்டோபர் வரை மழையில் படி வழுக்கும். மார்ச் முதல் மே வரை வெயில் 40 டிகிரியைத் தொடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் வசதி. ஏப்ரல் 25 அன்று விடியற்காலையில் ஆஸ்திரேலியர் நினைவு வழிபாடு நடக்கும். அதில் கலந்துகொள்ளப் போகவில்லையென்றால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். மூன்றரைக்கு அங்கிருந்து கிளம்புங்கள்.

பாலமும் ஆறும்

ஐந்து மணிக்குப் பாலம். வெயில் தாழ்ந்திருக்கும், பேருந்துக் கூட்டமும் குறைந்திருக்கும். பாலத்தின் இரும்புச் சட்டகங்களைக் கவனியுங்கள்: வளைந்தவை ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பழைய இரும்பு. நடுவில் நேர்க்கோடாகப் பெட்டிபோல் இருக்கும் இரண்டும் நேச நாட்டு விமானக் குண்டில் விழுந்த பகுதிக்குப் போருக்குப் பின் வைத்தவை. தண்டவாளத்தில் நடக்கலாம், ரயில் வந்தால் ஒதுங்கப் பக்கவாட்டில் மேடைகள் உண்டு. ரயில் மெதுவாகத்தான் வரும், ஆனால் குழந்தையின் கையை விடாதீர்கள்.

1957-ல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இடம் வேறு மாதிரி இருக்கிறதே என்பார்கள். படம் எடுத்தது இலங்கையின் கித்துல்கலையில். பாலம் நிற்கும் ஆற்றுக்கு அப்போது மே க்ளோங் என்று பெயர். சுற்றுலாப் பயணிகள் தேடி வந்ததால் 1960-களில் க்வே யாய் ஆனது. உச்சரிப்பு ‘க்வே’, கிளையாறு என்று பொருள். ‘க்வாய்’ என்றால் தாய் மொழியில் எருமை.

பாலத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் ஜப்பானியர் 1944-லேயே எழுப்பிய நினைவுத் தூண் இருக்கிறது. சுற்றிலும் பதித்த கற்களில் ஒன்று தமிழில். கொன்றவர்களே நம் எழுத்தில் பொறித்து வைத்த கல். சுற்றுலாப் பட்டியல்களில் பெரும்பாலும் வராது. வழிகாட்டியிடம் நீங்களாகக் கேட்க வேண்டும்.

பிறகு படகு. பாலத்தடியில் நீள்வால் படகுகள் நிற்கும். வண்டி இன்ஜினை நீண்ட கம்பியின் முனையில் விசிறியோடு பூட்டியவை. விலையையும் எதுவரை என்பதையும் ஏறுமுன் பேசுங்கள். க்வே யாயில் கீழே போனால் ஊரைத் தாண்டி க்வே நோய் வந்து சேருமிடம், அங்கிருந்து இரண்டும் சேர்ந்து மே க்ளோங். க்வே நோயில் சற்று ஏறினால் சுங்காய் கல்லறைத் தோட்டம், சுமார் 1,700 கற்கள். வழியெல்லாம் மிதவை வீடுகள்: தெப்பத்தின் மேல் தகரக் கூரை, வாசலில் துணிக்கொடி, ஓரத்தில் பூச்சட்டி, மாலையில் படியில் உட்கார்ந்து தூண்டில் போடும் ஆட்கள். மேலே அணைகளில் தண்ணீர் திறப்பதைப் பொறுத்து ஆறு ஏறி இறங்கும். தெப்பத்தில் வீடு கட்டினால் அதுவும் கூடவே ஏறி இறங்கும்.

உயிர்காப்பு உடுப்பு மாட்டாமல் ஏறாதீர்கள். நடுவில் உட்காருங்கள், ஒருவர் ஒருவராக இறங்குங்கள், விசிறி இருக்கும் பின்பக்கம் யாரும் போக வேண்டாம். இன்ஜின் சத்தத்தில் வழிகாட்டி பேசுவது கேட்காது, ஆகவே என்ன பார்க்கப் போகிறோம் என்பதைக் கரையிலேயே சொல்லச் சொல்லுங்கள். இருட்டுமுன் கரைக்கு வந்துவிட வேண்டும்.

ஆறரைக்கு வேன் கிளம்பினால் ஒன்பது மணிக்கு பாங்காக். ஞாயிறு மாலை என்றால் ஊர் திரும்பும் வண்டிகளால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அன்று இரவு விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள்.