பழைய காரில் எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் பொருத்துவது எப்படி?

சில மாதங்கள் ஓடாமல் நின்ற பழைய காரை எடுக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். எஞ்சின் சுற்றினால்தான் மெக்கானிக்கல் பம்ப் இயங்கும் என்பதால், கிண்ணம் நிறையும்வரை பேட்டரிதான் வதைபடும். எலெக்ட்ரிக் பம்ப் இந்தத் தொல்லையைத் தீர்க்கும். எஞ்சின் சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோவதும் குறையும்.

ஆனால் பழைய பம்புக்கு ஓர் அருமையான குணம் உண்டு: எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்புக்கு அது தெரியாது. விபத்தில் ஹோஸ் அறுந்தாலும், சாவி திறந்திருக்கும்வரை பெட்ரோலை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் பம்பை நிறுத்தும் ஏற்பாட்டை இந்த வேலையின் சரிபாதியாகவே நான் கருதுகிறேன்.

முதலில் பம்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய கார்புரேட்டர்கள் பலவற்றுக்கு 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தமே போதும். உங்கள் கார்புரேட்டருக்கு உரிய அளவைச் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களின் பம்ப் 40 பிஎஸ்ஐக்கு மேலும் தள்ளும். அதை மாட்டினால், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் மிதவை ஊசி தாங்காது. கார்புரேட்டர் பொங்கி வழியும். உங்கள் காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை எர்த் செய்யப்பட்டிருந்தால் (அதாவது காரின் உலோக உடலோடு இணைக்கப்பட்டிருந்தால்), பம்பும், அதற்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயும் அதற்குப் பொருந்துமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழிகளில் தேங்கி நிற்கும். ஆகவே சர்வீஸ் குழிக்குள் இறங்க வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பம்பின் இடம் டேங்குக்குப் பக்கத்தில், இயன்றவரை தாழ்வாக, சைலன்சர் குழாய்க்கு எட்டத்தில் இருக்க வேண்டும். இந்தப் பம்புகள் நன்றாகத் தள்ளும். இழுப்பதில் அவ்வளவு திறமை கிடையாது. இடம் வசதியாக இருக்கிறதே என்று எஞ்சின் பக்கம் பொருத்தாதீர்கள். ரப்பர் புஷ் வைத்து முடுக்கினால் சத்தம் குறையும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரு ஃபில்டர் தேவை. பழைய ஹோஸ்களை மீண்டும் மாட்டாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் புதிய ஹோஸ் வாங்குங்கள்.

பழைய பம்பை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, எஞ்சினில் அது இருந்த துளையைக் கேஸ்கெட் வைத்துத் தகட்டால் மூடுங்கள். பழைய பம்பைக் குழாய் வரிசையிலேயே விட்டுவைத்தால், அதனுள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வு கிழியும் நாளில் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும்.

இனி வயரிங். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்கு ஒரு வயர்; 87இலிருந்து பம்புக்கு இன்னொன்று. பம்பின் எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய வெற்று உலோகத்தில் முடுக்குங்கள். சாதாரண ரிலேக்குப் பதிலாக, எஞ்சின் சுற்றும்போது இக்னிஷன் காயிலில் எழும் மின் துடிப்பைக் கவனித்து இயங்கும் பாதுகாப்பு ரிலேயையே வாங்குங்கள். சாவியைத் திருப்பியதும் அது பம்பை ஓரிரு விநாடிகள் ஓடவிடும். எஞ்சின் சுற்றாவிட்டால் நிறுத்திவிடும். அதன் மற்ற முனைகளை உடன்வரும் வரைபடத்தைப் பார்த்து இணையுங்கள். இக்னிஷனிலிருந்து ரிலேக்கு வரும் வயரின் நடுவே, மோதலின் அதிர்வில் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றை, காரின் உறுதியான தகட்டில் பொருத்துங்கள்.

பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பி ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரக்கசிவு இருந்தால் உடனே அணைத்துவிட்டுச் சரிசெய்யுங்கள். கார்புரேட்டர் பக்கம் கேஜ் வைத்து அழுத்தத்தை அளந்து, கூடுதலாக இருந்தால் அதைக் குறைக்கும் ரெகுலேட்டர் சேருங்கள். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் திறந்து வைத்துக் காத்திருங்கள். ஓரிரு விநாடிகளில் பம்பின் சத்தம் அடங்க வேண்டும். அடுத்து, எஞ்சின் ஓடும்போது இனர்ஷியா சுவிட்சை, வயர்களைப் பிடுங்காமல், தகட்டிலிருந்து மட்டும் கழற்றிக் கையில் பிடித்து ஒரு தட்டுத் தட்டுங்கள். அப்போதும் பம்ப் அடங்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் காரைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.