குளிர் ஊருக்கு எந்த எரிசக்தி சரி வரும், உக்காந்து பேசி முடிவெடுக்குறது எப்படி

ஒருத்தர் சோலார் போடலாம்பார், பனி மூடுற ஊர்ல சோலாரான்னு இன்னொருத்தர் எழுந்திருப்பார், மூணாவது ஆள் காத்தாடிம்பார், ரெண்டு மணி நேரம் போனப்புறம் சரி டீசலே ஓடட்டும்னு எல்லாரும் கெளம்பிடுவாங்க. இந்த மாதிரி பேச்சுல நிறைய உக்காந்திருக்கேன். யாரும் தப்பா பேசல, ஆனா ஆளாளுக்கு வேற வேற கேள்விக்கு பதில் சொல்லிட்டிருக்காங்க, அதான் முடிவே வர மாட்டேங்குது. அதனால எது நல்லதுன்னு ஆரம்பிக்காதீங்க, எதுக்குன்னு ஆரம்பிங்க.

முதல்ல கரண்டையும் சூட்டையும் பிரிச்சு ரெண்டு தாள்ல எழுதுங்க. குளிர் ஊர்ல லைட், ஃபிரிட்ஜ், போன் சார்ஜ் எல்லாம் சேத்தாலும் சிக்கனமான வீட்டுக்கு ஒரு நாளைக்கு அஞ்சாறு யூனிட்ல (ஒரு யூனிட்னா ஒரு கிலோவாட்-மணி, சூட்டையும் இதே அளவுல அளக்கலாம்) முடிஞ்சிடும், ஆனா அதே வீடு காத்து பூருற பழைய வீடா இருந்தா, மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரில கதகதப்பா வைக்க 100 யூனிட்டுக்கு மேல சூடு வேணும். விவாதம் பூரா அந்த அஞ்சு யூனிட்ட பத்தியே நடக்கும், 100 யூனிட்ட யாரும் தொட மாட்டாங்க. போன குளிர்காலத்துல எவ்ளோ எரிச்சோம்னு ஒவ்வொரு வீட்டுலயும் கணக்கு கேளுங்க. ஒரு லிட்டர் டீசல்ல இருக்குறது சுமாரா 10 யூனிட், நல்லா காஞ்ச விறகு ஒரு கிலோல 4 யூனிட். இந்த ரெண்டு நம்பர் தெரிஞ்சா போதும், எல்லாத்தையும் ஒரே அளவுகோல்ல கொண்டு வந்துடலாம்.

அடுத்தது, வருஷ சராசரிய பேச விடாதீங்க. "வருஷத்துக்கு இத்தனை யூனிட் வரும்"னு யார் சொன்னாலும், ரொம்ப குளிரான அந்த ஒரு வாரத்துல எவ்ளோ வரும்னு திருப்பி கேளுங்க. எல்லா வழிக்கும் இதே கேள்விதான்.

சோலார எடுத்துக்கோங்க. குளிர் பேனலுக்கு எதிரி இல்ல, சொல்லப்போனா 25 டிகிரிக்கு கீழ போகப்போக ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3ல இருந்து 0.4 சதவீதம் கூடுதலா குடுக்கும், சுத்தி பனி கெடந்தா அதுல பட்டு திரும்புற வெளிச்சமும் சேரும். பிரச்சனை சூரியன்தான். 60 டிகிரி வட அட்சரேகைல டிசம்பர் 21 உச்சி வேளைல சூரியன் அடிவானத்துக்கு மேல ஆறரை டிகிரிதான் ஏறும், அதாவது கைய நீட்டி நாலு விரலை படுக்க வெச்சு பாத்தா அவ்ளோதான் உயரம், பக்கத்துல ஒரு மரவரிசை இருந்தா பேனல்ல வெயிலே படாது. அதனால சோலார் வேணாம்னு இல்ல, பேனல செங்குத்தா சுவரோட சுவரா மாட்டுங்க, பனியும் சரிஞ்சு விழுந்துடும், பிப்ரவரி கடைசில இருந்து அருமையா ஓடும். டிசம்பருக்கு மட்டும் அதை நம்பாதீங்க.

காத்துல ஒரு கணக்கு இருக்கு, வேகத்த வேகத்தாலயே மூணு தடவை பெருக்குற (வேகம் × வேகம் × வேகம்) கணக்குல சக்தி ஏறும். நொடிக்கு 4 மீட்டர் அடிக்குற எடத்த விட 5 மீட்டர் அடிக்குற எடத்துல ஏறக்குறைய ரெண்டு மடங்கு கெடைக்கும், அதனால "எங்க மேட்டுல எப்பவும் காத்துதான்"ங்கறத வெச்சு யாரும் மெஷின் வாங்க வேணாம், காத்தாடி நிக்கப்போற உயரத்துல காத்து வேகம் அளக்குற கருவி கட்டி ஒரு வருஷம் அளந்துட்டு பேசுங்க. இன்னொன்னு, பள்ளத்தாக்கு ஊர்கள்ல கடுங்குளிர் ராத்திரி பெரும்பாலும் வானம் தெளிஞ்சு, இலை கூட அசையாம இருக்கும். சூடு ரொம்ப தேவைப்படுற நேரம் பாத்து காத்தாடி நின்னுடும். எறக்கைல ஐஸ் கட்டுறது தனி தலைவலி.

அப்ப வேற துணை வேணும். அலாஸ்காவுல கோடியாக் தீவுல 2009ல மூணு, 2012ல மூணுன்னு ஆறு காத்தாடி வெச்சாங்க, அது நல்லா ஓடுறதுக்கு காரணம் பின்னாடி டெரர் லேக் நீர்மின் நிலையம் இருக்குறதுதான், காத்து அடிக்கும்போது தண்ணிய மிச்சம் பிடிச்சு வெச்சுக்குறாங்க. உங்க ஊர்லயும் மலையில இருந்து எறங்குற ஓடை குளிர்லயும் ஓடுதான்னு போய் பாருங்க. நொடிக்கு 10 லிட்டர், 20 மீட்டர் எறக்கம் இருந்தா சின்ன மெஷின்லயே சுமாரா 1 கிலோவாட் வரும், ராத்திரி பகல் பாக்காம ஓடுனா ஒரு நாளைக்கு 24 யூனிட். குழாய மண் உறையுற ஆழத்துக்கு கீழ பொதைக்கணும், அவ்ளோதான்.

ஹீட் பம்ப், அதாவது வெளிய இருக்குற சூட்ட கரண்ட் வெச்சு இழுத்து வீட்டுக்குள்ள தர்ற மெஷின், அத பத்தி பேசும்போதுதான் கூட்டம் ரெண்டா பிரியும். குளிர்ல வேலை செய்யாதுங்கறது பழைய கதை, நார்வே, ஸ்வீடன், பின்லாந்துல வீட்டுக்கு வீடு இருக்கு. மிதமான குளிர்ல ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் சூடு, மைனஸ் 15ல ஏறக்குறைய ரெண்டு. ஆனா கரண்ட் எங்க இருந்து வருதுன்னு கேக்காம ஓட்டு போடாதீங்க. ஊர் கரண்டே டீசல் ஜெனரேட்டர்ல வந்தா, ஒரு லிட்டர்ல மூணு மூணரை யூனிட்தான் கரண்ட், அத ஹீட் பம்புக்கு குடுத்தா கடுங்குளிர்ல ஆறேழு யூனிட் சூடு. அதே லிட்டர நல்ல பாய்லர்ல நேரா எரிச்சா எட்டுக்கு மேல கெடைக்கும்! இந்த ஒரு கணக்க போர்டுல எழுதி காட்டுங்க, பாதி சண்டை அடங்கிடும். அப்படிப்பட்ட ஊருக்கு ஜெனரேட்டர்ல வீணாப்போற சூட்ட குழாய்ல பக்கத்து கட்டடங்களுக்கு கொண்டு போறதுதான் முதல் வேலை.

விறகுன்னா பின்தங்கின விஷயம்னு சிலர் நெனைக்குறாங்க, எனக்கு அதுல உடன்பாடு கெடையாது. காடு பக்கத்துல இருந்து, வெட்டுறத விட வளர்றது அதிகமா இருந்தா ரொம்ப குளிரான அந்த ஒரு வாரத்துக்கு அத விட நம்பிக்கையான துணை இல்ல. ஆனா பச்சை விறகுல பாதி எடை தண்ணி, சூட்டுல ஒரு பங்கு அத ஆவியாக்கவே போயிடும், புகைபோக்கில தார் படிஞ்சு தீ பிடிக்குற அபாயம் வேற. ரெண்டு கட்டைய ஒன்னோட ஒன்னு தட்டி பாருங்க, காஞ்சதுன்னா டங்குனு கேக்கும், ஈரம்னா தொப்புனு அமுங்கும், முனைல வெடிப்பு ஓடியிருக்கணும். டென்மார்க்ல சாம்சோ தீவு வீடுகள்ல நெறைய இப்ப வைக்கோல் எரிச்சு குழாய்ல வர்ற சுடுதண்ணிலதான் கதகதப்பா இருக்கு. அங்க காத்தாடிகள்ல ஊர்க்காரங்களுக்கே பங்கு இருக்கு, எதிர்ப்பு பெருசா வராததுக்கு அது முக்கிய காரணம், கூட்டத்துல யாருக்கு பங்குன்னு மொதல்லயே பேசிடுங்க.

சாண எரிவாயுவுக்கு தொட்டிய சுமாரா 35 டிகிரில வெச்சுக்கணும், குளிர் ஊர்ல அதுக்கே வாயுல நல்ல பங்கு போயிடும், தனி வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பேட்டரி வெக்கிறவங்க கவனிங்க, லித்தியம் பேட்டரி 0 டிகிரிக்கு கீழ சார்ஜ் ஏத்தினா கெட்டுடும், ஈய பேட்டரி காலியா கெடந்தா உறைஞ்சு பொளந்துடும். நான் ஒரு தடவை கொட்டகைல விட்டுட்டு மார்ச்சுல போய் பாத்தேன், பெட்டி பக்கவாட்டுல கோடு போட்டாப்புல பொளந்து கெடந்துச்சு. வீட்டுக்குள்ளயே எடம் ஒதுக்குங்க.

இதெல்லாம் பேசுறதுக்கு முன்னாடி, கூட்டத்துக்கு வர்ற எல்லாரையும் காத்தடிக்குற நாள் பாத்து ஒரு வேலை செஞ்சுட்டு வர சொல்லுங்க. ஒரு ஊதுபத்திய ஏத்தி ஜன்னல் சட்டம், கதவு அடி, பரண் மூடி ஓரமா மெதுவா கொண்டு போங்க, புகை நேரா போகாம எங்க வளையுதோ அங்கதான் உங்க காசு வெளிய போகுது. அத அடைச்சு, பரண்ல இன்சுலேஷன் போட்டுட்டு பாத்தா அந்த 100 யூனிட் நல்லாவே எறங்கும், அப்புறம் எந்த வழிய எடுத்தாலும் சின்ன மெஷினே போதும்.

கூட்டத்த நடத்துறதுல எனக்கு பலன் குடுத்தது ஒன்னு, சோலார் கேக்குறவர சோலாரோட குறைய சொல்ல சொல்லுங்க, காத்தாடிக்காரர காத்தாடியோட குறைய. தெரிஞ்சவங்கதான் சரியா சொல்வாங்க. அப்புறம் ரோடு மூடிக்கெடக்குற வாரத்துல ரிப்பேர் யார் பாக்குறது, ஸ்பேர் எங்க இருக்குன்னு பேரோட எழுதுங்க. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து அடுப்புல கட்டை போடுறவங்கள, பெரும்பாலும் வயசான அம்மாக்கள், முன் வரிசைல உக்கார வெச்சு அவங்கள முதல்ல பேச சொல்லுங்க. நான் போன ஒரு கூட்டத்துல ரெண்டு மணி நேரமா வாயே தொறக்காத ஒரு அம்மா கடைசில, "எனக்கு முட்டி வலி, கட்டை தூக்க முடியல, ராத்திரிக்கு மட்டும் தானா எரியுற ஏதாச்சும் குடுங்க"ன்னாங்க. அங்க அன்னிக்கு முடிவானது அதுதான், பகலுக்கு விறகு, ராத்திரிக்கு மட்டும் ஓடுற சின்ன பெல்லட் அடுப்பு, அதாவது மரத்தூள அழுத்தி செஞ்ச சின்ன கட்டிகள தானா போட்டு எரிக்குற அடுப்பு.